நாற்பத்தோராண்டுப் பிணைப்பு

வெட்டுக்கிளிகளுக்காக நான் ஆண்டுக்கு ஒருமுறை வாவியைக் கடந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த துணிச்சலான காரியம் அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்வாள். ஒடுக்கற்பிரிவு என்னும் கலப்பிரிவை மாணவர்களுக்குக் கண்ணால் காட்டவேண்டுமானால் ஆண் வெட்டுக்கிளி வேண்டும். விந்து உண்டாகும் அதன் விதையிலுள்ள சிறு குழாய்களில் அந்தப் பிரிவின் எல்லாப் படிகளும் ஒரே வேளையில் நடந்துகொண்டிருக்கும். அதன் நிறமூர்த்தங்கள், குரோமோசோம் என்று இன்று எல்லோரும் சொல்பவை, பருத்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை, எங்கள் ஆய்வுகூடத்தின் தேய்ந்த நுணுக்குக்காட்டிக்கும் அகப்படுபவை. மின்சாரம் இல்லாத நாட்களில் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னற்பக்கம் திருப்பி, வாவியின் மேல் விழுந்து வரும் வெளிச்சத்தில் பார்ப்போம். மின்விளக்கைவிட அது தெளிவாக இருந்தது.

நாங்கள் வாவிக்குள் இருக்கும் நகரத் தீவான புளியந்தீவில் வாடகைக்கு இருந்தோம். என் மனைவியின் ஊர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அவளுடைய குடும்பத்துக்கு அங்கே ஒரு வட்டை இருந்தது. ஒரே வெளியாகக் கிடந்த பெரிய வயல். கதிர் முற்றும் பருவத்தில் அதன் வரம்புகளில் வெட்டுக்கிளி தாராளமாக அகப்படும். போர் தொடங்கியபின் கிழக்குக் கரை இராணுவத்திடமும் மேற்குக் கரை இயக்கத்திடமும் போயின. இடையில் வாவியும் ஒரு படகுத்துறையும் இரண்டு சோதனைச் சாவடிகளும் இருந்தன.

கடைசியாக நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படிப் போய் வந்தபோது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பால்மாவு வந்த தகரமொன்றின் மூடியில் துளையிட்டு, இருபது வெட்டுக்கிளிகளை அதில் அடைத்து மடியில் வைத்திருந்தேன். சாவடியில் நின்ற சிப்பாய் இளைஞன். தமிழ் கொஞ்சம் தெரிந்தவன்.

"என்ன இது?" என்றான்.

நான் விளக்கத் தொடங்கினேன். விளக்கம் எப்போதும்போல் முதலாவது வகுப்பிலிருந்து தொடங்கியது. அவன் பொறுமையிழந்து மூடியைத் திறந்தான். நான்கைந்து வெட்டுக்கிளிகள் அவனுடைய சீருடை மேலும் பதிவேட்டின் மேலும் பாய்ந்தன. துப்பாக்கியோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

"இது சாப்பிடுறதா?" என்று அவன் என் மனைவியைக் கேட்டான்.

"ஓம் தம்பி. சோத்தோட. இவருக்கு இது இல்லாட்டிச் சோறு இறங்காது" என்றாள் அவள்.

அவன் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டுத் தகரத்தை மூடித் தந்தான். ஓடிப்போனவற்றில் இரண்டைத் தானே பிடித்துத் தந்தான். அவள் அப்படிப்பட்டவள். நான் நீளமாகச் சொல்லிச் சிக்கவைத்ததை அவள் ஒரு சொல்லில் அவிழ்த்துவிடுவாள்.

அந்தக் கர்ப்பம் பிந்தி வந்தது. ஏன் பிந்தியது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். எங்களுக்குத் திருமணமானபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. மணமாகி ஆறு மாதத்தில் நான் மேற்படிப்புக்காக வெளிநாடு போனேன். நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பினேன். அப்போது ஊர் எரிந்துகொண்டிருந்தது. இந்த நிலைமையில் ஒரு பிள்ளையைப் பெற்று எங்கே கொண்டு ஓடுவது என்று கேட்டேன். நிலைமை கொஞ்சம் சீராகட்டும் என்றேன். மறு ஆண்டும் அதையே சொன்னேன். அவள் ஒருமுறை மட்டும், "சீராகாட்டி?" என்று கேட்டாள். நான் நிதானமான பதில் ஒன்றைச் சொல்லியிருப்பேன். என்ன பதில் என்பது நினைவில் இல்லை. என் நிதானத்தை அக்காலத்தில் பலரும் மெச்சினார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயதாகும்போது, நிலைமை சற்றும் சீராகாத ஒரு வருடத்தில், எங்கள் மகள் பிறந்தாள்.

பிறந்த மூன்றாம் நாள் வைத்தியர் என்னைத் தனியே அழைத்தார். குழந்தையின் கண்ணமைப்பையும் உள்ளங்கையில் குறுக்கே ஓடிய ஒற்றைக் கோட்டையும் தசைகளின் தளர்ச்சியையும் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் முடிக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நானே எழுதுகிற நிலைமை அது: இருபத்தோராவது நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்று.

கட்டிலருகே போனேன். "என்னவாம்?" என்றாள்.

"ஒரு நிறமூர்த்தம் கூடுதலாக இருக்கிறதாம்."

அவள் சற்று யோசித்தாள். "கூடத்தானே? குறையேல்லையே" என்றாள்.

பிறகு அழுதாள். ஆனால் முதலில் அவள் சொன்னது இதுதான்.

வகுப்பில் நான் சொல்லிவந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஒவ்வொரு கலத்திலும் நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக இருக்கின்றன: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. முட்டைக்கோ விந்துக்கோ அந்தச் சோடியில் ஒன்றுதான் போகவேண்டும். பிரிவதற்கு முன் அவை ஒன்றையொன்று தேடி வந்து நெடுகப் படுத்து, சில இடங்களில் குறுக்கே வெட்டி மாற்றிக்கொண்டு, அந்த இடங்களில் பின்னிப் பிணைந்து நிற்கும். நுணுக்குக்காட்டியில் அது சிலுவைபோலவும் சிலவேளை வளையம்போலவும் தெரியும். பிரிய வேண்டியவை ஏன் முதலில் இப்படி இறுகப் பிணைய வேண்டும் என்று ஆண்டுக்கு ஒரு மாணவராவது கேட்பார். பிணைந்திருந்தால்தான் ஒழுங்காகப் பிரியலாம் என்பது விடை. இரு பக்கத்திலிருந்தும் நார்கள் இழுக்கும்; சோடி விடாமல் பிடித்திருக்கும்; அந்த இழுவிசையைக்கொண்டே எல்லாம் சரியாக ஒழுங்காகியிருக்கிறது என்பதைக் கலம் அறியும். பிணைப்பு முன்னரே தளர்ந்தால் எது எந்தப் பக்கம் போவது என்பதற்கு நியதி இல்லை. இரண்டும் ஒரே பக்கம் போய்விடலாம்.

ஆணில் இந்த வேலை சில வாரங்களில் தொடங்கி முடிகிறது. பெண்ணில் அப்படியல்ல. ஒரு பெண்ணின் முட்டைக்கலங்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகி, சோடிகள் பிணைந்து, அந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. அவள் பிறந்து, வளர்ந்து, பெரிய பிள்ளையாகி, ஒவ்வொரு மாதமும் ஒரு முட்டை முதிரும்போதுதான் அந்த நின்ற வேலை மீண்டும் தொடங்கும். இருபது வயதில் முதிரும் முட்டையில் சோடிகள் இருபது ஆண்டு பிடித்துக்கொண்டிருந்தவை. நாற்பத்தொரு வயதில், நாற்பத்தொரு ஆண்டு. இந்த இடத்தில் வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்கு என்னும் தீட்டைக் கழிக்க அவளுடைய ஆட்கள் படுவான்கரையிலிருந்து வந்தார்கள். துறையில் மூன்று மணி நேரம் காத்திருந்து, பொதிகளை அவிழ்த்துக் காட்டி, மத்தியானத்துக்குச் சற்று முன் வந்து சேர்ந்தார்கள். என் மனைவியின் தமக்கையும் அவர்களுடைய தாய்மாமனும் முக்கியமானவர்கள். தமக்கையை நான் மச்சாள் என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். தாய்மாமன் சொல் அந்தக் குடும்பத்தில் கடைசிச் சொல்.

எங்கள் பகுதியில் குடி என்பது தாய்வழியாக வருவது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. தகப்பனின் குடி பிள்ளைக்கு இல்லை. ஒரே குடியைச் சேர்ந்தவர்கள் உடன்பிறந்தவர்களைப் போன்றவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் செய்யக்கூடாது. கோயில்களில் ஒவ்வொரு குடிக்கும் உரிய நாளும் உரிய பணியும் உண்டு. வைகாசிச் சடங்கில் தங்கள் குடியின் நாளன்று, அம்மனுக்குரிய வெற்றிலை, பாக்கு, அரிசி, பூ எல்லாவற்றையும் அடுக்கி வெள்ளைத் துணியால் கட்டும் மடைப்பெட்டியை என் மனைவிதான் கட்டிவந்தாள். மணமாகும் முன்பிருந்தே அது அவள் வேலை. போர்க்காலத்திலும், நான் தடுத்த ஆண்டுகள் தவிர, அவள் அதற்காகத் துறையைக் கடந்து போய் வந்தாள்.

சோறு தின்று வெற்றிலைத் தட்டம் வந்தபின் மாமன் தொண்டையைச் செருமினார்.

"மருமகன், கோவிக்கப்படாது. உங்கட தாய்ப்பகுதி ஆக்கள் அந்தக் காலம் தெற்கால இருந்து வந்தவங்க. வந்த இடத்தில குடிப்பேர மாத்தினதா ஒரு கதை கிடக்கு. ஆதியில உங்கட குடியும் எங்கட குடியும் ஒண்டுதான் எண்டு சிலபேர் கதைக்காங்க."

"ஒரே குடிக்குள்ள கட்டினா இப்படித்தான் வரும். அண்ணனும் தங்கச்சியும் கட்டின மாதிரியெல்லோ" என்றார் மச்சாள்.

பிள்ளையோடு அறை வாசலில் இருந்த என் மனைவி அங்கிருந்தே சொன்னாள்: "அது சரிதான் அக்கா. இவர் பன்னிரண்டு வருசமா எனக்கு அண்ணன் மாதிரித்தான் இருந்தவர். புத்தகம்தானே இவருக்குப் பொஞ்சாதி."

எல்லோரும் சிரித்தார்கள். மாமனே சிரித்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கும். இரண்டொரு மாதத்தில் கோயிலில் ஏதாவது பரிகாரம் செய்திருப்பார்கள். நாங்கள் இருவரும் போய்த் தலை குனிந்து நின்றிருப்போம். அந்தப் பழி எங்கள் இருவருக்கும் பொதுவான பழி. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. பிழையான ஒரு விளக்கம் என் வீட்டில், என் முன்னிலையில் சொல்லப்பட்டது என்பதை மட்டுமே கவனித்தேன்.

"இது குடியால் வருவதல்ல" என்றேன்.

தட்டத்திலிருந்து இரண்டு வெற்றிலைகளை எடுத்தேன். மச்சாளிடம் நூல் கேட்டேன். அவர் பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்த நூலை அறுத்துத் தந்தார். இரண்டு வெற்றிலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, காம்புகளை இரு பக்கமும் இழுத்துக் காட்டினேன். இந்தக் கட்டு அவளுடைய உடம்பில் அவள் பிறப்பதற்கு முன்பே போடப்பட்டது என்றேன். நாற்பத்தொரு வருடம் இதே கட்டு இருந்திருக்கிறது என்றேன். பிறகு நூலைத் தளர்த்தி இழுத்தேன். இரண்டு வெற்றிலைகளும் என் வலக்கையோடு வந்தன. செய்முறை நன்றாக அமைந்துவிட்டது.

மாமன் கவனமாகக் கேட்டார். "அப்ப இது தாய்ட நூல்" என்றார்.

"ஆம்."

"தகப்பன்ட நூல்?"

"ஆணில் அது புதிது புதிதாக உண்டாவது. பழுதாக நேரமில்லை."

"பாத்தீங்களா மாமா, குடியில ஒரு பிழையுமில்ல" என்றார் மச்சாள், நிம்மதியோடு. "தங்கச்சியிலதான்."

"பிழை என்ற சொல் பொருந்தாது" என்றேன் நான். "வயது. பெரும்பாலும் தாயின் வயது."

அப்படியொரு திருத்தம் செய்தேன். ஒரு சொல்லைத் திருத்தினேன். சிறுபான்மையாகத் தந்தையிடமிருந்தும் இது வரலாம் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று எவரும் பரிசோதிக்கவில்லை, பரிசோதிக்க இங்கே வசதியும் இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு நாற்பத்தொரு வயதாகும்வரை காத்திருக்கச் சொன்னவர் யார் என்பதையும் சொல்லவில்லை. அது அந்தப் பாடத்தில் இல்லாதது.

வாசலைப் பார்த்தபோது அவள் அங்கே இல்லை. உள்ளே போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் புறப்படும்போது வெளியே வந்து நன்றாகத்தான் விடைகொடுத்தாள்.

அந்த வைகாசியில் அவள் ஊருக்குப் போகவில்லை. கைப்பிள்ளை என்பதால் என்று நினைத்தேன். அடுத்த வைகாசி வந்தது. துறை திறந்திருந்தது. மச்சாள் ஆள் அனுப்பியிருந்தார். நான் அவளிடம், "போகவில்லையா?" என்று கேட்டேன்.

"பழுதான நூலால மடைப்பெட்டி கட்டுறதா?" என்றாள்.

கோபம் இல்லை. மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். குடிக் கதையைச் சிரித்துத் தள்ளியவள் என் வெற்றிலையை நம்பினாள். நான் படித்தவன்; நான் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்பது அவளுடைய பன்னிரண்டு வருடப் பழக்கம். அது உண்மையாகவும் இருந்தது. "அப்படியல்ல" என்று தொடங்கி, அப்படித்தான் என்பது தெரிந்திருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

அவள் ஒன்பது வருடம் போகவில்லை.

அந்த ஒன்பது வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. துறை மூடும், திறக்கும், மூடும். மகள் பிந்தி நடந்தாள், பிந்திப் பேசினாள், பேசத் தொடங்கியபின் நிறுத்தவில்லை. சாவடிச் சிப்பாய்களை மாமா என்று கூப்பிட்டு அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பாள். சந்தைக்குப் போனால் மீன் பையை வேறு எவரும் தொடக்கூடாது. அவள்தான் தூக்கவேண்டும், தரையில் இழுபட்டாலும். தீவுக்குத் திரும்பும் நகரப் பாலத்தில் எங்களை இறக்கிச் சோதிக்கும்போது அவள் தன் பையைத் தானே திறந்து ஒவ்வொரு மீனாக எடுத்துக் காட்டுவாள்; பின்னால் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். என் மனைவி அவளை ஒரு கணமும் விட்டுப் பிரியவில்லை. அதில் அன்பு இருந்தது; அன்புக்கு மேற்பட்ட ஒன்றும் இருந்தது. தண்டனை பெற்ற ஒருவர் வேலை செய்வதுபோல் ஒரு கடுமை. இரவில் பிள்ளையின் மார்பில் கைவைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவளைத் தூங்கச் சொல்லும் உரிமை எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

நான் ஒவ்வொரு வருடமும் அதே விரிவுரையைச் செய்தேன். அந்த இடத்துக்கு வரும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெட்டுக்கிளிக்குப் பதிலாக வெங்காயப் பூவின் மொட்டைப் பயன்படுத்தினோம்.

பிறகு யுத்தநிறுத்தம் வந்தது. பாதைகள் திறந்தன. வெளிநாட்டில் இருந்த என் பழைய மாணவி ஒருத்தி சில ஆய்வுக் கட்டுரைகளைப் பிரதியெடுத்து அனுப்பியிருந்தாள். நான் படித்த காலத்தில் நிறமூர்த்தமும் அதன் பிரதியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று மட்டுமே சொல்வோம். எது ஒட்டுகிறது என்பது எவருக்கும் தெரியாது. இப்போது அது தெரிந்திருந்தது. வளையம் போன்ற ஒரு புரதம் இரண்டு இழைகளையும் சுற்றி வளைத்துப் பிடிக்கிறது. ஒடுக்கற்பிரிவில் சோடிகளும் அந்தப் பிடியினாலேயே ஒன்றாக நிற்கின்றன. பிரியவேண்டிய வேளையில் வேறொரு புரதம் வந்து வளையத்தை வெட்டுகிறது. எவ்வளவு எளிய ஏற்பாடு. நான் முற்பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் இருந்து படித்தேன். அவள் எதிரே இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"புதுசா என்ன கண்டுபிடிச்சிருக்காங்க?" என்று கேட்டாள். பல வருடங்களாக அவள் என் பாடத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

"பிடித்துவைத்திருப்பது ஒரு வளையமாம்."

"அப்ப நூல் இல்ல."

"இல்லை."

"வளையமும் பழசாகுமா?"

"ஆகலாம் என்று ஊகிக்கிறார்கள். பிறப்பதற்கு முன் போட்ட வளையங்களைப் பிறகு புதுப்பிப்பதில்லை போலிருக்கிறது. இன்னும் உறுதியாகவில்லை." அது பின்னாட்களில் ஓரளவு உறுதியானது. அன்று ஊகம்தான்.

அவள் சுளகைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாள். "எத்தின வருசத்துக்குத் தாங்கும் எண்டு அதில எழுதியிருக்கா?"

நான் பொதுவாகப் பதில் சொல்லத் தொடங்கினேன். முப்பதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு என்று சொல்லி நிறுத்தினேன். முப்பதுகளின் நடுப்பகுதியில் அவள் என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நான் நிதானமான பதிலொன்றைச் சொல்லியிருந்தேன். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது. மாணவர் ஒருவர் இப்படிப் பிந்தியிருந்தால் நான் பரீட்சையில் சித்தியடைய விட்டிருக்கமாட்டேன்.

"காத்திருக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

அவள் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"உன் வயதைப் பற்றி அன்றைக்கு எல்லோருக்கும் விளக்கினேன். அந்த வயது எப்படி வந்தது என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்."

"இத என்னட்டச் சொல்லி என்ன?" என்றாள் அவள். "நான் அப்ப அங்கதானே இருந்தனான். எனக்குத் தெரியும் ஆர் சொன்னதெண்டு. கேட்டுக்கொண்டிருந்தவங்களிட்டப் போய்ச் சொல்லுங்க."

அன்றைக்கே போயிருக்கலாம். பேருந்தும் துறையும் இயங்கின. சாவடியில் எவரும் தகரத்தைத் திறந்து பார்க்கவில்லை. முதல் வைகாசியைப் பரீட்சைத் தாள் திருத்தவேண்டும் என்று கழித்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த வைகாசியில் மூவரும் போனோம். குடிக்குரிய நாள் அது. மச்சாளின் வீட்டு முற்றத்தில் கிடாரங்கள் அடுப்பில் இருந்தன. இருபது முப்பது பேர் நின்றார்கள். மாமன் முந்திய வருடம் இறந்துவிட்டார். அவரிடம் சொல்லும் வாய்ப்பு இனி இல்லை என்பதை அவர் உட்காரும் கதிரை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன். என் மனைவி வாசற்படலையருகிலேயே நின்றாள். மகள் தன் மீன் பையைப் போலவே உடுப்புப் பையையும் இழுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் முற்றத்தின் நடுவில் நின்று மச்சாளை அழைத்தேன். சொல்லவேண்டியதை இரவே வாக்கியமாக அமைத்துவைத்திருந்தேன்.

"மச்சாள், பிள்ளையின் முப்பத்தோராம் நாள் நான் ஒரு விளக்கம் சொன்னேன். அது அரைகுறையான விளக்கம். பிள்ளை பிந்திப் பிறந்ததற்குக் காரணம் நான். பன்னிரண்டு வருடம் காத்திருக்க வைத்தவன் நான். உங்கள் தங்கையில் குறையில்லை."

மச்சாள் கையில் அகப்பையோடு என்னைப் பார்த்தார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்பதே விளங்கவில்லை.

"எந்த விளக்கம்?" என்றார்.

"வெற்றிலையைக் கட்டி..."

"ஓ, அந்த வெத்தில வித்தையா? அது ஆருக்கு மச்சான் இப்ப ஞாபகம்?" பிறகு குரலை உயர்த்தினார். "அப்ப அதுக்காகவா இவ்வளவு காலமும் இவ வராம இருந்தவ? நான் நினைச்சன் படிச்ச ஆக்களுக்கு எங்கட கோயில் வெக்கமாக்கும் எண்டு. ஒன்பது வருசம்! என்ர மகள் அந்தப் பெட்டியக் கோணலாக் கட்டிக்கட்டி ஊரே சிரிக்குது. நீங்க அதில நிக்காதீங்க மச்சான், கிடாரம் இறக்கவேணும், இந்தப் பக்கம் பிடிங்க."

நான் பிடித்தேன். இரண்டு கையும் சுட்டது.

என் மனைவியைப் பெண்கள் உள்ளே அழைத்துப்போனார்கள். மடைப்பெட்டி அதற்குள் கட்டி முடிந்திருந்தது; அந்த வேலை இப்போது மச்சாளின் மகளுடையது. அதை அவிழ்த்துத் தரச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. தேங்காய் துருவ உட்காரவைத்தார்கள். அவள் துருவினாள். பக்கத்திலிருந்த ஒருத்தி ஏதோ சொல்ல அவள் சிரிப்பது முற்றம்வரை கேட்டது. அந்தச் சிரிப்பை நான் நீண்ட காலம் கேட்டிருக்கவில்லை. ஆனால் அவளுடைய பழைய இடம் அவளுக்குத் திரும்பிக் கிடைக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் கிடைக்கவில்லை. ஒரு வாக்கியத்தைப் பிந்திச் சொன்னால் வாக்கியம் சொன்னதாக ஆகும், அவ்வளவுதான்.

திரும்பும்போது படகில் மகள் தாயின் மடியில் தூங்கிவிட்டாள். பாதி வாவி கடந்தபின் என் மனைவி சொன்னாள்:

"கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம்."

"கேட்கவில்லையா?"

"எனக்குக் கேட்டது. பின்னால நிண்டவங்களுக்குக் கேட்டிருக்காது. வகுப்பில மட்டும் தொண்ட கிழியக் கத்துவீங்க."

அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. போர் மீண்டும் தொடங்கியது, முன்னிலும் கடுமையாக நடந்தது, முடிந்தது. அவள் இயன்றபோது போய் வந்தாள், இயலாதபோது இருந்தாள். இரவில் பிள்ளையின் மூச்சைப் பார்ப்பது குறைந்தது. நின்றது என்று சொல்லமாட்டேன்.

சென்ற மாசியில் அவள் இறந்தாள். எழுபது வயது கடந்திருந்தது. இருதயம். நான் பக்கத்தில் இருந்தேன். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

வைகாசி பிறந்ததும் மச்சாள் வந்தார். இப்போது துறையில் பாலம் இருக்கிறது; முச்சக்கரவண்டியிலேயே வரலாம். முழங்கால் வலியோடு இறங்கி, உள்ளே வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னார்.

"பிள்ளையக் கூட்டிப்போக வந்தன். மடைப்பெட்டி கட்ட ஆள் இல்ல. என்ர மகள் வெளிநாடு போயிட்டா."

"அவளுக்கு அது தெரியாது" என்றேன். "துடக்கும் இருக்கிறதே."

"முப்பத்தொண்டு கழிச்சாச்சுதானே. தெரியாட்டிக் காட்டிக்குடுக்கிறது. தாய்ட இடம் மகளுக்குத்தானே? வேற ஆருக்கு?"

என் மகளுக்கு இப்போது முப்பதை நெருங்குகிறது. அவள் ஏற்கெனவே உள்ளே போய்த் தாயின் வெள்ளைச் சேலை ஒன்றை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். எவரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் எவரையும் கேட்கவில்லை.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க என்னத்துக்கு? நீங்க வேற குடி மச்சான்" என்றார் அவர். சொல்லிவிட்டு, சொன்னதைத் தானே கேட்டவர்போல் ஒருகணம் நின்றார். பிறகு பையைத் தூக்கப் போனார், மகள் கொடுக்கவில்லை.

படலைவரை போனேன். வண்டிக்குள் இரண்டு பேரும் இடத்துக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். "பெரியம்மா, வாவி தெரியிற பக்கம் எனக்கு" என்று மகள் சொன்னாள். "எனக்குக் காலை நீட்டவேணும், அங்கால தள்ளு" என்றார் அவர். "நீங்க அடிக்கடி பாக்கிறதானே." "நீ மட்டும் பாக்கேல்லையா, வாவிக்குள்ளதானே இருக்கிறாய்." சாரதி இயந்திரத்தை முடுக்கிவிட்டுச் சிரித்தபடி காத்திருந்தான். வண்டி திரும்பும்வரை அவர்கள் முடிவுக்கு வரவில்லை. மகள் எனக்குக் கைகாட்ட மறந்துவிட்டாள்.